ரவுடிக்குக் கிடைத்த மரியாதை

கமலா அக்கா போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் கள்ளக்குறிச்சியில், பள்ளியில் இருந்தேன். அழுகை வருவதற்கு முன்னால் ஒரு கேள்விதான் வந்தது: அந்த ஆளுக்கு இனி யார் தண்ணீர் கொடுப்பார்கள்? அந்த ஆள் என்றால் அவள் கணவர். பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாய்க் கிடப்பவர். பிள்ளைகள் இல்லை.

கச்சிராயபாளையத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் நடமாடிய காலத்தில் அக்கா வாங்கிய அடியெல்லாம் எனக்குக் கேட்கும். அப்போதும் அவள் ‘ங்க’ போட்டுத்தான் கெஞ்சுவாள். அவர் விழுந்ததோடு அந்த ‘ங்க’ போய்விட்டது. அதைத் தொலைக்காட்சித் தொடரில் வரும் ரவுடித் தலைவன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டாள்.

“எங்க ஆளு வந்துட்டாருங்க டீச்சர்” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிடுவாள்.

“கொலைகாரனுக்கு இவ்வளவு மரியாதையா அக்கா?” என்று சீண்டுவேன்.

“வெளிய வெட்டுறாரு. வூட்டுக்கு வந்தா பொண்டாட்டிய சாப்ட்டியான்னு கேக்குறாரு. உள்ள ஒண்ணு கெடக்குதே, ஒரு நாளு கேட்டுச்சா?”

கேலி செய்யப் போன நானும் ஒரே மாதத்தில் அந்த ரவுடியிடம் மயங்கிவிட்டேன் என்பதை அக்காவுக்கான இந்த அஞ்சலியில் சொல்லிவிடுகிறேன்.

தொடர் ஓடும்போது உள்ளேயிருந்து அவர் தண்ணீர் கேட்பார். “இருய்யா, அவரு பேசிக்கினு இருக்காரு” என்பாள். நான் எழுந்தால் கையைப் பிடித்து உட்கார வைப்பாள். “ஒத வாங்கிக்கினு கெடந்தப்ப நானுந்தான் தண்ணி கேட்டேன். ஞாபகம் இருக்கான்னு கேளுங்க.” அவர் கண்ணை மூடிக்கொள்வார். ஞாபகம் இருந்தது. தொடர் முடிந்த பிறகுதான் தண்ணீர்.

தொடரில் அந்த ரவுடியைச் சுட்டுக் கொன்றார்கள். மறுநாள் காலை அக்கா தலை முழுகிவிட்டு ஈரக் கூந்தலோடு நின்றாள்.

“இன்னாடி இது?” என்று குழறினார் அவர்.

“அவருக்கு முழுவிட்டேன். ஒனக்கும் முழுவுறேன், அவசரம் இன்னா?”

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

கடைசியில் அவள்தான் முந்திக்கொண்டாள். அவரை நாற்காலியோடு தூக்கி வந்து வாய்க்கரிசி போடச் சொன்னார்கள். இடது கையால் போட்டார். அவளைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்லமாட்டாரா என்று முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். சொன்னார், என்னிடம்.

“டீச்சர், ராத்திரிக்கு எனக்குச் சோறு?”

இப்போது நான்தான் கொண்டுபோகிறேன். அக்காவை அறிந்த நீங்களெல்லாம் என்னைப் பெரிய மனசுக்காரி என்கிறீர்கள். இல்லை. அக்கா வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே பிசைந்து, ஊட்டி, அவர் வாயைத் துடைத்தும் விடுவாள். நான் தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு வாசலில் நின்றுகொள்கிறேன். இடது கையால் அள்ளிப் பாதியைச் சிந்துகிறார். பார்த்துக்கொண்டுதான் நிற்கிறேன். அக்காவிடமிருந்து எனக்கு வந்தது அவள் கோபம் மட்டும்தான். அவள் கை எனக்கு வரவில்லை.