மொக்கம்மாள் வேனைப் புகழ்ந்த கதை

ஓடைப்பட்டி மொக்கம்மாள் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை விழுந்து கேட்டவர்கள் கிடையாது. மகள் பவானி பத்தாம் வகுப்பில் பள்ளிக்கே முதலாவதாக வந்தபோது, "ஏதோ பாஸாயிருக்கா" என்று சொல்லிவிட்டு மாவாட்டப் போய்விட்டாள். அந்தப் பவானிக்குப் பிறந்த பையன் கொழுக்கட்டை மாதிரி உருண்டு திரிகிறான். அவனைத் தூக்கும்போதெல்லாம் சவலைப் பிள்ளை, தேறாத பிள்ளை என்றுதான் கொஞ்சுவாள். தூக்கி முடித்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள்.

இதைக் கெட்ட குணம் என்று நினைப்பவர்கள் அந்தப் பக்கத்தில் பெண் கொடுத்து எடுக்காதவர்கள். ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவரிடம் போய் வெள்ளாமை எப்படி என்று கேட்டுப் பாருங்கள். தலைக்கு மேலே பந்தல் தாங்காமல் குலை குலையாகத் தொங்கும். அவர் அதை அண்ணாந்துகூடப் பார்க்காமல், ஏதோ கெடக்கு என்பார். கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது. நல்லா இருக்கிறது என்று யாராவது வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அதோடு அது கெட்டது. மொக்கம்மாள் இந்த நியாயத்தை மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கடைப்பிடித்தாள், அவ்வளவுதான்.

அவளுக்கு வேலை போடியில், எபனேசர் முதலாளியின் ஏலக்காய் ஸ்டோரில். வரிசையாக உட்கார்ந்து காயைப் பரப்பி, வெடித்தது, வெளுத்தது, பூச்சி அரித்தது எல்லாம் பொறுக்கித் தள்ள வேண்டும். நாள் முழுக்கக் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் கொடுத்தால் யாருக்குத்தான் கசக்கும்? பொறுக்குகிறவர்களில் அவள்தான் கெட்டிக்காரி என்பதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

முதலாளி மகள் பிரின்சி கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. முடித்து வந்த கையோடு, தொழிலாளர் நலத் திட்டங்கள் என்று சிலவற்றைக் கொண்டுவந்தாள். நல்ல பெண். ஓடைப்பட்டியிலிருந்து சின்னமனூர் வழியாகப் பெண்களை ஏற்றி வர ஒரு வேன் விட்டாள். கைப்பிள்ளைக்காரிகளுக்கு என்று தொட்டில் கட்டிய அறை ஒன்று வந்தது, பிள்ளைகளைப் பார்க்க ஆயாவும் வந்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். புதன்கிழமை தோறும் சிரிப்புப் பயிற்சி என்று ஒன்றையும் சேர்த்துவிட்டாள்.

சிரிப்புப் பயிற்சி என்றால், எல்லாரும் முற்றத்தில் வட்டமாக நின்று கையைத் தூக்கி ஹோ ஹோ, ஹா ஹா என்று சத்தமாகச் சிரிக்க வேண்டும். மன அழுத்தம் குறையுமாம். அந்தப் பெண்களுக்குக் கூட்டமாக அழுது பழக்கம் உண்டு. காரணமே இல்லாமல் கூட்டமாகச் சிரித்துப் பழக்கம் இல்லை. தெருவில் போகிறவர்கள் கேட் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். புதன்கிழமை வந்தாலே பாதிப் பேருக்குத் தலைவலி வந்தது.

வேன் கதை வேறு. வேன் வருவதற்கு முன்னால் இரண்டு பஸ் மாற வேண்டும். சின்னமனூரில் இரண்டாவது பஸ் போய்விட்டால் அன்றைய வேலை போச்சு, திரும்பி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த வேனுக்கு டிரைவராக வந்து சேர்ந்தவர் மொக்கம்மாளின் புருஷன் சுருளியாண்டி. லாரி ஓட்டிக்கொண்டு மாதத்தில் பாதி நாள் கேரளாவில் கிடந்தவர், தினமும் வீட்டுச் சோறு தின்கிற ஆளாக மாறினார். மொக்கம்மாளுக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் என்றால், ஒரு நாள் விடாமல் வேனைத் திட்டினாள்.

இப்படி இரண்டு வருஷம் ஓடிய பிறகு, மதுரையிலிருந்து வினோத்ராஜ் என்ற இளைஞனைப் பிரின்சி வரவழைத்தாள். கம்பெனிகளில் இந்த மாதிரித் திட்டங்களால் பலன் உண்டா என்று மதிப்பிட்டுச் சொல்வது அவன் தொழில். பெண்களோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, அக்கா அக்கா என்று பிரியமாகக் கேட்டான். எது நல்லா இருக்கு, எது சரியில்லை, பயப்படாமல் சொல்லுங்கள் என்றான்.

எல்லாரும் மொக்கம்மாளைப் பார்த்தார்கள். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினாள். வேனா, அது ஒரு ஓட்டை வண்டி. ஸீட்டு ஆடும், ஜன்னல் அடைக்காது, டிரைவரைப் பற்றிப் பேசவே வேண்டாம். மற்றவர்களும் அவள் போட்ட தடத்திலேயே போனார்கள். தொட்டில் அறையா, அங்கே கொசு. ஆயாவா, அவளுக்குப் பிள்ளை தூக்கவே தெரியாது. சிரிப்புப் பயிற்சி எப்படி என்று கேட்டதும் ஒவ்வொருத்தியும் முகம் மலர்ந்து வாழ்த்தினாள். அருமை என்றாள் ஒருத்தி. நெஞ்சுச் சளியே கரைந்துவிட்டது என்றாள் இன்னொருத்தி. கண் பட்டு அது நாசமாய்ப் போனால் யாருக்கு என்ன நஷ்டம்?

வினோத்ராஜ் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனான்.

அடுத்த வாரம் பிரின்சி எல்லாரையும் கூப்பிட்டு, உங்கள் விருப்பப்படியே செய்யப் போகிறோம் என்று சிரித்த முகமாகச் சொன்னாள். யாருக்கும் பிடிக்காத வேன் அடுத்த மாதத்தோடு நிற்கும். தொட்டில் அறையையும் யோசிக்கிறார்கள். சிரிப்புப் பயிற்சி இனிமேல் தினமும் உண்டு, அதற்கு மதுரையிலிருந்து தனி மாஸ்டரே வருகிறார். பிரின்சி கைதட்டினாள். பெண்களும் வேறு வழி தெரியாமல் தட்டினார்கள்.

தவளை தன் வாயால் கெட்ட கதைதான். அன்றைக்கு வேனில் ஒருத்தியும் தூங்கவில்லை, எல்லாரும் மொக்கம்மாளைப் பிடித்து உலுக்கினார்கள். மறுநாள் சுருளியாண்டி பழைய லாரி முதலாளிக்குப் போன் போடுவதை மொக்கம்மாள் அடுப்படியிலிருந்து கேட்டாள். திரும்பவும் இரண்டு பஸ், திரும்பவும் அவர் கேரளாவில் எங்கோ ஒரு கடையில் புரோட்டா. அதை நினைக்கவே அவளால் முடியவில்லை.

வினோத்ராஜ் மறுபடி ஒரு தடவை வருகிறான் என்று தெரிந்ததும், போய்ப் பேசு என்று பெண்கள் அவளைத்தான் தள்ளினார்கள். கூடக் காய் பொறுக்கும் சொர்ணலதா தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கறாராகச் சொன்னாள்.

"ஒன் வாயாலதான் மதினி கெட்டுச்சு. நீயே போயி நிமித்து."

மொக்கம்மாள் முந்தானையில் கல்லுப்பும் வரமிளகாயும் முடிந்துகொண்டு ஆபீஸ் அறைக்குள் போனாள். எபனேசரும் பிரின்சியும் வினோத்ராஜும் இருந்தார்கள். வண்டியை என்றைக்கு ஒப்படைப்பது என்று பேசக் கூப்பிட்டிருந்ததால் சுருளியாண்டியும் வாசற்படிக்கு வெளியே நின்றார். அதை அவள் கவனிக்கவில்லை.

"வேன் பரவாயில்ல சார்" என்றாள். அதற்கே அவளுக்கு வேர்த்துவிட்டது.

"பரவாயில்லைன்னா அஞ்சுக்கு மூணு மார்க்கும்மா. மூணு மார்க்குக்கு டீசல் போட முடியாது" என்றான் வினோத்ராஜ்.

அவள் முந்தானை முடிச்சை இறுகப் பிடித்துக்கொண்டாள். குலசாமியிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பேசினாள்.

"எங்க வேனு நல்ல வேனு சார். ஓட்டுற ஆளு அதவிட நல்ல ஆளு. நாளெல்லாம் குனிஞ்சு காய் பொறுக்கிட்டு ஏறுனா அப்புடியே தூங்கிருவோம். ஒருத்தி தலையும் கம்பியில இடிச்சதில்ல. பிரேக்கு போடுறதே தெரியாது. எங்க சொர்ணலதா மாசமா இருந்தப்ப, குண்டுங்குழியுமா கெடந்த ரோட்ட விட்டுட்டு ஊரச் சுத்திக் கொண்டு வந்து எறக்குனாக. மழையின்னா, ஒவ்வொருத்தியும் வீட்டுக்குள்ள போயி லைட்டப் போட்டதப் பாத்துட்டுத்தான் வண்டிய எடுப்பாக. நான் அவுக கூடக் குடும்பம் நடத்துறவ சார். இப்புடி ஒரு மனுசன நான் பாத்ததில்ல."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அப்புறம் ஏனம்மா அன்றைக்கு ஓட்டை வண்டி என்றீர்கள் என்று கேட்டான் வினோத்ராஜ். நல்லா இருக்குன்னு சொன்னாக் கண்ணு பட்டுராதா என்று அவள் திருப்பிக் கேட்டாள், இவ்வளவு படித்தவனுக்கு இதுகூடத் தெரியாதா என்பது போல. எபனேசர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். அவர் காலமெல்லாம் ஏலக்காய் வியாபாரம் செய்தவர். லாபம் வந்த வருஷத்தில் யாராவது விசாரித்தால், ஏதோ கர்த்தர் புண்ணியத்துல ஓடுது என்று அழுத முகத்தோடு சொல்கிறவர்தான்.

வினோத்ராஜுக்கு மெதுவாக ஒரு சந்தேகம் முளைத்தது. சிரிப்புப் பயிற்சி எப்படி என்று மறுபடியும் கேட்டான்.

"அதுக்கென்ன சார், ரொம்ப அருமை" என்றாள் மொக்கம்மாள் பட்டென்று.

பிரின்சியின் முகம் பொறுக்கித் தள்ளிய ஏலக்காய் மாதிரி வெளுத்தது. பிறகு அவளே சிரித்துவிட்டாள். எந்தப் புதன்கிழமையிலும் அந்த ஸ்டோரில் கேட்காத நிஜச் சிரிப்பு அது. வினோத்ராஜ் தன் மதிப்பீட்டைத் தலைகீழாகத் திருப்பி எழுத ஒத்துக்கொண்டான். வேன் நிலைத்தது, தொட்டில் அறையும் தப்பியது. மதுரை மாஸ்டருக்கு வர வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள்.

சாயங்காலம் ஓடைப்பட்டியில் எல்லாரும் இறங்கிப் போன பிறகு வேனில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் இருந்தார்கள். சுருளியாண்டி வண்டியை நிறுத்தினாரே தவிர, இறங்கவில்லை. முகம் செத்துப்போயிருந்தது.

"ஏ புள்ள, மறைக்காமச் சொல்லு. எனக்கு ஏதும் சீக்கா? டாக்டரு ஒங்கிட்ட மட்டும் எதுவும் சொன்னாரா?"

"ஏன், என்னத்துக்குக் கேக்குறீக?"

"வாசல்லதான நின்னேன், எல்லாத்தையும் கேட்டேன். நல்லா இருக்குற மனுசன நீ அப்புடியெல்லாம் சொல்ல மாட்டியே."

மொக்கம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் இத்தனை வருஷத்தில் இந்த மனுஷனுக்கு ஒரு நல்ல வார்த்தை கிடைக்க வேண்டுமென்றால் சாகக் கிடக்க வேண்டும் என்று ஆகிவிட்டதே என்று வருத்தப்பட்டாள்.

"ஒரு சீக்கும் இல்ல. வேன நிறுத்தக் கூடாதுல்ல, அதுக்காகச் சொன்னேன்" என்றாள்.

அவருக்கு உயிர் வந்தது. வந்த வேகத்திலேயே முகம் வாடவும் செய்தது. சரி, சரி என்று எழுந்து, ஜன்னல்களை ஒவ்வொன்றாக இழுத்து மூடத் தொடங்கினார். மொக்கம்மாள் படியில் ஒரு காலை வைத்தவள் அப்படியே நின்றாள். அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள்.

"வேனுக்காகத்தான் சொன்னேன். பொய்யின்னு சொன்னேனா?"

சுருளியாண்டி மூடிய ஜன்னலையே திரும்பத் திரும்ப மூடிக்கொண்டிருந்தார்.