நான் மாற்றிச் சொன்ன பதில்

பதுளையில் ஆங்கில டியூஷன் நடத்துகிறேன். பிறந்து வளர்ந்தது லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். அதனால் யாராவது வெளிநாட்டார் தோட்டம் பார்க்க வந்தால் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடுவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி வந்த இருவரோடு நான் பிறந்த தோட்டத்துக்கே போக நேர்ந்தது.

நம் நாட்டுச் சாமான்கள் ஐரோப்பாவுக்குள் குறைந்த வரியில் போக வேண்டுமானால் இங்கே சில உரிமைகள் இருக்க வேண்டும் என்பது அவர்களை அனுப்பிய ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. தொழிலாளர்கள் சங்கம் வைக்க முடிகிறதா, சம்பளத்தைக் கூட்டாகப் பேசித் தீர்மானிக்க முடிகிறதா என்று விசாரிக்கத்தான் வந்திருந்தார்கள். ஒருவர் நரைத்த தலை அதிகாரி. மற்றவர் அவருக்கு உதவியாக வந்த இளம்பெண், அவளும் ஐரோப்பாதான், ஆனால் வேறு நாடு.

வான் பசறையைத் தாண்டும்போது அதிகாரி பெருமையாகச் சொன்னார். தங்கள் நாடுகளில் பெரும்பாலான தொழிலாளர்கள் கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் வரவேண்டும் என்று இப்போது சட்டமே செய்திருக்கிறார்களாம்.

அந்தப் பெண் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள். "எங்கள் நாடு கடனில் மூழ்கியபோது, ஒப்பந்தங்களைத் தளர்த்தினால்தான் உதவி என்று சொன்னதும் நீங்கள்தானே. என் அம்மா வேலை செய்த மீன் தொழிற்சாலையில் அன்று போன ஒப்பந்தம் இன்னும் வரவில்லை."

"அது வேறு காலம்" என்று அவர் சிரித்தார்.

கூட்டம் பிள்ளைக்காம்பராவில். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் அந்த அறைக்கு முந்தின நாள்தான் பெயின்ட் அடித்திருந்தார்கள். சுவர் அழுக்காகிவிடும் என்று குழந்தைகளை ஸ்டோர் பக்கம் ஒரு தகரக் கொட்டகைக்கு மாற்றியிருந்தார்கள். உள்ளே பெயின்ட் நாற்றமும் பட்டர் கேக் வாசனையும் கலந்து குமட்டியது. கொழுந்து பறிக்கும் எட்டுப் பெண்களைத் தோட்டத்து மேனேஜரான துரையே பொறுக்கி உட்காரவைத்திருந்தார். எல்லோரும் தலைக்கு எண்ணெய் வைத்து, நல்ல சேலை உடுத்தியிருந்தார்கள். துரை கால்மேல் கால் போட்டு அவர்களுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தமிழும் தெரியும், ஆங்கிலமும் தெரியும்.

சங்கம் இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். இருக்கு என்றார்கள். சேர யாராவது தடுக்கிறார்களா? இல்லை. அவர் ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு சரி போட்டார். சம்பளத்தைப் பற்றிக் கம்பெனியோடு பேச முடிகிறதா என்று கேட்டபோது மட்டும் எல்லோரும் துரையைப் பார்த்தார்கள். கடைசியில் ஐம்பது வயதிருக்கும் ஓர் அக்கா எழுந்தார். சின்ன வயதில் எங்கள் லயத்துக்கு அடுத்த லயத்தில் இருந்தவர்.

"சொல்லுங்க டீச்சர், முன்ன ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா ஒக்காந்து பேசி கையெழுத்து வப்பாங்க. அந்த ஒப்பந்தத்தயே இப்ப கம்பெனிக்காரங்க தூக்கி எறிஞ்சிட்டாங்க. பறிக்க வேண்டிய கிலோவ அவங்க இஸ்டத்துக்கு ஏத்துறாங்க. கொறஞ்சா அரப் பேருதான், அரநாள் சம்பளந்தான். எங்க தேயிலய நீங்க வாங்குறீங்க. நாங்க செத்தமா பொழச்சமான்னு கேக்காம, சங்கம் இருக்கா சங்கம் இருக்கான்னு கேக்குறீங்க. சங்கம் இருக்கு. பேச்சுதான் இல்ல."

துரை என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். என் தம்பி அவருடைய ஃபேக்டரியில்தான் வேலை செய்கிறான்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "இரு தரப்புக்கும் இடையிலான பேச்சுவார்த்தை இன்னும் மேம்பட வேண்டும் என்று விரும்புகிறார்."

அதிகாரி தலையசைத்து அதற்கும் ஒரு சரி போட்டார். இவ்வளவு நீளமாகப் பேசியதற்கு இவ்வளவுதானா என்று அந்த இளம்பெண் மட்டும் என்னை உற்றுப் பார்த்தாள். நான் கேக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அன்று வீட்டுக்கு வந்து இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். கேக் கெட்டுப்போயிருக்கும் என்று வீட்டில் சொன்னார்கள். கேக் நன்றாகத்தான் இருந்தது.

சில வாரம் கழித்து அந்த அக்காவைப் பதுளை பஸ் நிலையத்தில் கண்டேன். முழங்கால் வலிக்கு ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு வந்திருந்தார்.

"நா சொன்னதுக்கு அந்த வெள்ளக்காரரு என்னா சொன்னாரு டீச்சர்?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் என்மேல் எனக்கே இருந்த அருவருப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது.

"நீங்க சொன்னத நான் அப்படியே சொல்லலக்கா. மாத்திட்டேன்."

அவர் என் முகத்தையே பார்த்தார். "தொரைக்குப் பயந்தா?"

"ஆமா. தம்பி அங்க இருக்கான்."

"எம்மகளும் அங்கதான் கொழுந்து பறிக்கிறா" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என் பையிலிருந்த நோட்டுப் புத்தகத்தைக் காட்டி, "இப்ப எழுதுங்க, நா சொல்றேன்" என்றார்.

பக்கத்துத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். செத்தமா பொழச்சமா என்பதைக்கூட விடவில்லை. அக்காவின் ஊர், பேர் எதுவும் இல்லாமல் அன்றே ஆங்கிலத்தில் அந்த அதிகாரிக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. கருத்துக்கு நன்றி. சம்பளமும் வேலை அளவும் அந்தந்த நாட்டுத் தரப்புகள் தமக்குள் பேசித் தீர்க்க வேண்டியவை, தாங்கள் தலையிடுவதில்லை. பேச்சே இல்லை என்று எழுதியவர்களுக்குப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று பதில்! அவர்கள் அறிக்கையில் அந்தத் தோட்டத்தைப் பற்றி ஒரு வரி இருந்தது. "பேச்சுவார்த்தையை மேம்படுத்தும் விருப்பம்" என்று என் சொற்களே அதில் இருந்தன. வரிச் சலுகை தொடர்ந்தது.

பதிலைத் தொலைபேசியில் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "சரி, அப்ப நாங்களே பாத்துக்கிறோம்" என்றார்.

அடுத்த மாதம் கிலோவை மறுபடி ஏற்றியபோது, காலையில் வேலை பிரிக்கும் இடமான பெரட்டுக்கு வந்த பெண்கள் பிரித்துக் கொடுத்த பிறகும் மலைக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்களாம். சங்கத் தலைவர் வந்து சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறார். எழும்பவில்லை. மூன்றாம் நாள் துரையே இறங்கி வந்து, புதிதாக ஏற்றியதை எடுத்துவிடுவதாகச் சொன்னார். எழுதித் தரச் சொல்லி அக்கா கேட்டிருக்கிறார். அதற்கு மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. இதெல்லாம் தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்காவை இப்போது எப்போதும் தூரத்து மலைக்குத்தான் அனுப்புகிறார்களாம், அந்த முழங்காலோடு.

போன வருடம் மறுபடியும் மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். அறையில் துரை இருப்பாரா என்று கேட்டேன். மரியாதைக்கு இருக்கத்தானே வேண்டும் என்றார்கள். வரமாட்டேன் என்றேன். வேறு யாரோ போனதாகக் கேள்வி.