தைமினுக்கு ஒரு தம்பி

இப்போதெல்லாம் டி.வி. தொடர்களில் யாருக்கு யார் பிள்ளை என்று தெரியாமல் போனால் உடனே டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்துவிடுகிறார்கள். நேற்றும் ஒருத்தி எடுத்தாள். உதட்டுச் சாயம் கலையாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதாள். மாமியார்க்காரி கையில் ஒரு கவர். அதைப் பிரிப்பதற்குள் சோப்பு விளம்பரம், நகை விளம்பரம், மறுபடியும் சோப்பு. என் கையில் ரிமோட் இருந்தது. ஆனால் நான் சேனலை மாற்றவில்லை, ஏனென்றால் மூக்கில் அவித்த நெல்லின் வாடை வந்துவிட்டது. டி.என்.ஏ. என்று காதில் விழுந்தாலே எனக்கு அந்த வாடைதான்.

சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. குத்தாலம் பக்கம் நாங்கள் குடியிருந்த ஊரில் ஒரு ரைஸ் மில் இருந்தது. நான் அதில் களத்தில் நெல் கிளறுகிற வேலை பார்த்தேன். முதலாளியின் மகன் துபாயிலிருந்து பணம் அனுப்ப ஆரம்பித்ததும் அவருக்கு நெல் அரைப்பது கேவலமாகிவிட்டது. மில்லை மூடி இங்கிலீஷ் பள்ளிக்கூடம் திறந்தார். நெல் காய்ந்த களம் விளையாட்டு மைதானமானது. நெல் அவித்த கொட்டகையில் நாலு கண்ணாடிக் குழாயை வைத்து லேப் என்று போர்டு மாட்டினார்கள். நேற்றுவரை முதலாளி, இன்றிலிருந்து கரஸ்பாண்டன்ட். எவ்வளவு சுண்ணாம்பு அடித்து என்ன, மழை பெய்தால் சுவரிலிருந்து புழுங்கல் வாடை கிளம்பிவிடும். பணத்துக்கு எல்லாவற்றையும் மாற்றத் தெரிகிறது, வாடையை மட்டும் மாற்றத் தெரியவில்லை.

என்னை ஆயாவாக்கினார். என் மகள் கலாவுக்குச் சம்பளம் இல்லாமல் படிக்க இடமும் கொடுத்தார். அதை ஒவ்வொரு ஆண்டுவிழாவிலும் மைக்கில் சொல்லிக் காட்டுவார். நான் தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். எனக்கு நாலு பேர் முன்னால் நிற்கவே வராது.

பயாலஜி சார் ஒருவர் இருந்தார். மாமனார் வாங்கிக் கொடுத்த பைக்கை ஜன்னலுக்கு நேராக நிறுத்திவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்துவார். பேருக்குத்தான் இங்கிலீஷ் மீடியம், பாடம் எல்லாம் தமிழில்தான். டி.என்.ஏ.வைக் கல்யாண விஷயமாக்கிச் சொல்லிக் கொடுத்தார். அடினைனும் குவானைனும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், பங்காளிகள். தைமினும் சைட்டோசினும் சம்பந்தி வீடு. பங்காளிக்குள் பெண் கொடுத்து எடுப்போமா? மாட்டோம். அதனால் இந்த வீடு அந்த வீட்டோடுதான் சேரும். அடினைனுக்குத் தைமின், குவானைனுக்குச் சைட்டோசின். இரண்டு இழையும் முறுக்கிய வைக்கோல் பிரி மாதிரி ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு போகும், நடுவில் இந்த ஜோடிகள் ஏணிப்படி மாதிரி நிற்கும். அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கே வாசலில் உட்கார்ந்து கேட்டதில் புரிந்தது. விஞ்ஞானம் புரிந்தது என்று நினைக்காதீர்கள், சம்பந்தம் புரிந்தது.

சம்பந்தம் என்றதும் என் அண்ணன் வீட்டைச் சொல்லாமல் தீராது. கலா பிறந்தபோதே அவருடைய மூத்த மகனுக்குத்தான் என்று பேச்சு. அந்தப் பையன் சிங்கப்பூர் போனான். முதல் லீவில் எங்களுக்குத் தைலமும் வாசனைச் சோப்பும் கொண்டுவந்தான். அடுத்த லீவில் மாயவரத்தில் ஒரு நகைக்கடைக்காரர் மகளை நிச்சயம் செய்துகொண்டான். எங்களுக்கு ஆள் விட்டுக்கூடச் சொல்லவில்லை. அவன் கொடுத்த சோப்பு தீருவதற்குள் சேதி வந்துவிட்டது.

பிறகு அண்ணி வந்தாள். வெட்கப்பட்டுக்கொண்டு வருவாள் என்று நினைத்தேன். விசிறிக்கொண்டே சொன்னாள்: "மூத்தவன் இல்லன்னா என்ன, சின்னவன் இருக்கான்ல. ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுதானே. கலா பன்னெண்டாவது முடிக்கட்டும், வச்சுடுவோம்."

சின்னவனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அண்ணன்காரன் அனுப்பிய கூலிங் கிளாஸைப் போட்டுக்கொண்டு வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருப்பதுதான் அவன் உத்தியோகம். பொழுது சாய்ந்தால் எழுந்து பிராந்திக் கடைக்குப் போவான். நான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. வெற்றிலை எடுக்கக் குனிந்தேன், தலையாட்டிவிட்டதாக அண்ணி எடுத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரரோ, அது உங்க அண்ணன் தங்கச்சி விஷயம் என்று துண்டை உதறிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். அடுப்படியில் இருந்த கலா எல்லாவற்றையும் கேட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் க்விஸ் வைத்தார்கள். துபாய் மகன் லீவில் வந்திருந்தான். அவன் முன்னால் பிள்ளைகள் டக்டக்கென்று பதில் சொன்னால் கரஸ்பாண்டன்டுக்குப் பெருமை. அவன் பூசியிருந்த சென்ட் வகுப்பு முழுக்க நெடி அடித்தது. புழுங்கல் வாடையே தேவலை.

வகுப்பை இரண்டாகப் பிரித்து, டி.என்.ஏ. பாடம் மட்டும். வடிவம் என்ன, முறுக்கிய ஏணி. கண்டுபிடித்தது யார், இரண்டு வெள்ளைக்கார ஆம்பிளைகள் பெயரைச் சொன்னார்கள். கலா எழுந்து, அதற்கு முன்னால் எக்ஸ்ரே படம் எடுத்தது ஒரு பெண் என்றாள். "அந்தம்மாவுக்கு மார்க் கிடையாது, உக்காரு" என்றார் சார். படம் எடுத்தவள் ஒருத்தி, மாலை வாங்கியது வேறு ஆட்கள். சீமையிலும் நம்மூர் நடப்புதான் போலிருக்கிறது.

இரண்டு பக்கமும் சமமாக நின்றபோது கடைசிக் கேள்வி கலாவுக்கு வந்தது. தைமின் கிடைக்கவில்லை என்றால் அடினைன் சைட்டோசினோடு சேருமா?

"சேரும் சார்."

"எப்படிம்மா?"

"தைமினும் சைட்டோசினும் ஒரே வீடுதானே சார். மூத்தவர் இல்லன்னா சின்னவர்."

வகுப்பு குலுங்கிச் சிரித்தது. சின்ன ஊர், எங்கள் வீட்டுச் சேதி எல்லோருக்கும் தெரியும். சாரும் சிரித்தார். "ஏம்மா, டி.என்.ஏ.வ உங்க வீடுன்னு நெனச்சியா?" துபாய்க்காரன் என்ன விஷயம் என்று பக்கத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டு, தாமதமாகத் தனியாகச் சிரித்தான். பங்காளி, சம்பந்தி என்று சொல்லிக் கொடுத்ததே அந்த சார்தான். அதை நம்பிப் பதில் சொன்னவள் முட்டாளாகிவிட்டாள். அவர் கையிலிருந்த அட்டையைப் பார்த்துப் படித்தார்: சேராது. தவறிச் சேர்ந்தாலும் செல் அதைப் பிழை என்று கண்டுபிடித்து வெட்டி எடுத்துவிடும். எதிர்ப்பக்கத்துக்குப் பிளாஸ்டிக் டிபன் டப்பா கொடுத்தார்கள்.

வாய்க்கால் கரையோடு வீட்டுக்கு நடந்தோம். கலா அழவில்லை. மதகில் கூலிங் கிளாஸ் உட்கார்ந்திருந்தது. "என்ன கலா, பிரைஸ் எங்க?" என்று பல்லைக் காட்டியது. தாண்டி வந்த பிறகு கலா என்னைப் பார்த்தாள்.

"அப்ப மூத்தது இல்லன்னா சின்னதுன்னு எந்தச் சட்டமும் இல்லியாம்மா?"

அவள் கேட்டது பாடத்தை இல்லை என்பது எனக்குத் தெரிந்தது.

கல்யாணம் அப்புறம், தட்டை இப்போதே மாற்றிவிடலாம் என்று அந்த வாரமே அண்ணனும் அண்ணியும் வந்துவிட்டார்கள். பூ, பழம், வெற்றிலைபாக்கு. தட்டை என் பக்கம் தள்ளினாள் அண்ணி. வாங்கிக்கொண்டால் முடிந்தது. நான் கையை மடியிலேயே வைத்திருந்தேன். புடவை முந்தானை நனைகிற அளவுக்கு வேர்த்தது.

"சின்னவனுக்குக் குடுக்க மாட்டேன் அண்ணி. அவ மேல படிக்கட்டும்."

அண்ணன் அதிர்ந்து போய்ப் பார்த்தார். நான் சொன்ன விஷயத்துக்காக இல்லை, நான் பேசிவிட்டேனே என்று. "யாரு சொல்லிக் குடுத்தா ஒனக்கு?" என்றார். பள்ளிக்கூடத்தில் என்றுதான் வாயில் வந்தது. முழுங்கிவிட்டு, "நான்தான் சொல்றேன்" என்றேன்.

அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தரையில் உருண்டிருந்த ஒரு வாழைப்பழத்தையும் மறக்காமல் பொறுக்கிக்கொண்டுதான் போனாள்.

கலா நர்ஸ் படிப்புப் படித்தாள். கூட வேலை பார்த்தவனைக் கட்டிக்கொண்டாள். அவன் எந்த வழியிலும் எங்களுக்கு முறை கிடையாது, அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. பஸ் விடுகிற பெரிய பள்ளிக்கூடம் வந்ததும் கரஸ்பாண்டன்ட் கடையைக் கட்டினார். இப்போது அந்தப் பழைய மில் கட்டிடம் ஏ.சி. கல்யாண மண்டபம். போன ஐப்பசியில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். வெளியே நல்ல மழை. சுவரோரமாகப் போய் மோந்து பார்த்தேன், எதுவும் இல்லை. அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில், அண்ணி அவர்களோடு, வீடு பூட்டிக் கிடக்கிறது.

பொங்கலுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கரும்பும் மஞ்சள் கொத்தும் வரும். தட்டு திரும்பிப் போன வருஷத்தோடு அது நின்றது. நான் கடைத்தெருவில் வாங்கிக்கொள்கிறேன். கடைக் கரும்பும் இனிப்பாகத்தான் இருக்கிறது.