தன் கணக்கு தப்பாகட்டும் என்று வேண்டியவர்

கோமதி இறந்த செய்தி வந்தபோது நான் கடையில் தே தாரேக் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். மாலை ஆட்டம் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. டிவிக்கு எதிரே உள்ள மேசைகளில் ஆட்கள் இடம் பிடிக்க ஆரம்பித்திருந்தார்கள். அவருடைய கணவர் தனபாலன் போனில் ஒரே வரிதான் சொன்னார். "அண்ணே, கோமதி போயிட்டா." நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. டிவியை நிறுத்திவிடுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் அவர், "நிறுத்தாதீங்கண்ணே, அவளுக்குப் பிடிக்காது" என்றார். அன்று ஆட்டம் ஓடியது. கோல் விழுந்தபோது யாரும் கத்தவில்லை.

பெர்மாஸ் ஜெயாவில் என் கடையில் உட்கார்ந்து காற்பந்து பார்க்கும் உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். சிங்கப்பூருக்குத் தொழிலாளர்களை ஏற்றிப் போகும் பேருந்துகளுக்கு நேர அட்டவணை போடுவது கோமதியின் வேலை. எல்லைப் பாலத்தில் எந்த நாளில் எவ்வளவு நெரிசல் இருக்கும் என்று முன்கூட்டியே கணித்தால்தான் அந்த வேலை ஓடும். அந்தப் பழக்கத்தில், வீட்டிலிருந்த பழைய மடிக்கணினியில் நம் காற்பந்து லீக்கையும் கணிக்கத் தொடங்கினார். பழைய ஆட்டங்களின் கோல் கணக்கை எல்லாம் அதற்குள் போடுவார். கணினி பகடை உருட்டுவதுபோல் ஒவ்வோர் ஆட்டத்தையும் ஆடிப் பார்க்கும். முழு சீசனையும் ஆயிரக்கணக்கான முறை ஆடி முடித்துவிட்டு, எந்த அணி எந்த இடத்தில் நிற்கும் என்று சொல்லும். அந்தப் பட்டியலை முதல் ஆட்டத்துக்கு முன்பே என் கடைச் சுவரில் ஒட்டுவார். டேப்பை உரித்தால் சுவர்ச் சாயமும் சேர்ந்து வருகிறது என்று ஒவ்வொரு வருடமும் சண்டை போடுவேன். ஒரு வருடம்கூட அவர் காதில் வாங்கியதில்லை.

சீசன் முடிந்த மறுநாள்தான் அவருடைய உண்மையான நாள். கையில் சிவப்புப் பேனாவோடு சுவர் முன்னால் நிற்பார். தன் கணிப்பில் தப்பானதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கோடிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி வாசிப்பார். சரியாக வந்ததை வாசிக்க மாட்டார். "சரியா வந்தது வந்துருச்சு, அதுக்கு என்ன பேச்சு?" என்பார். சொன்னது பலித்தால் ஊரைக் கூட்டுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பலிக்காததற்கு ஊரைக் கூட்டியவர் இவர் ஒருவர்தான்.

முதல் வருடப் பட்டியல் படுமோசம். பாதிக்கு மேல் சிவப்புக் கோடு. எங்கே பிசகியது என்று தெரியாமல் அவர் விழித்துக்கொண்டிருந்தபோது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"கோமதி, உங்க கம்ப்யூட்டர் நோன்பு புடிக்குமா?" என்று கேட்டேன்.

கிண்டலுக்குத்தான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "என்னண்ணே சொல்றீங்க?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நோன்பு மாதத்தில் தராவீஹ் என்னும் இரவுத் தொழுகை முடிந்த பிறகுதான் ஆட்டம் தொடங்கும். பகலெல்லாம் தண்ணீர் குடிக்காத பையன்கள் நீண்ட பயணம் செய்து வெளியூரில் ஆடினால் பிற்பாதியில் கால் துவண்டுவிடும் என்று விளக்கினேன். வருடா வருடம் கடையில் பார்க்கிற எங்களுக்கு அது தெரிந்த விஷயம். அவருடைய கணக்கில் அந்த மாதமும் மற்ற மாதங்களைப் போலவே இருந்தது. பழைய வருடங்களில் நோன்பு எந்தத் தேதிகளில் வந்தது என்று என்னைப் போட்டுத் துளைத்தெடுத்துக் கேட்டுக்கொண்டு போனார். அடுத்த சீசன் பட்டியலை ஒட்டும்போது, "இந்த வருஷம் என் கம்ப்யூட்டரும் நோன்புண்ணே" என்றார். அந்த வருடம் சிவப்புக் கோடுகள் பாதியாகக் குறைந்தன.

கடைசிப் பட்டியலை ஒட்டிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. கோமதி பிறந்து வளர்ந்தது குளுவாங். அந்த ஊர் அணி என்றால் அவருக்கு உயிர். பட்டியலில் அந்த அணி கடைசி இடத்தில் இருந்தது. கடைசியில் வரும் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும். டாக்சி ஓட்டும் செல்வத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"அலமாக், சொந்த ஊரையே கடைசில போட்டுட்டீங்களே. மனசாட்சி இருக்கா?"

"மனசாட்சி இருக்கறதாலதான் போட்டேன்" என்றார் கோமதி. "என் கணக்கு தப்பாப் போகணும்னு நானும்தான் சாமி கும்பிடுறேன். அதுக்காக கம்ப்யூட்டருல பொய்ய போட முடியுமா?"

அதற்குச் சில வாரங்கள் கழித்து, தனக்கு வந்திருந்த நோயைப் பற்றியும் அதே குரலில் நம்மிடம் சொன்னார். சிகிச்சை பலிக்க எவ்வளவு வாய்ப்பு என்று மருத்துவரிடம் நேராகவே கேட்டிருக்கிறார். "பத்துல மூணுன்னு சொன்னாங்க. மூணும் உண்மைதாண்ணே, சும்மா ஆறுதலுக்குச் சொல்றதில்ல. அதே மாதிரி ஏழும் உண்மைதான்." அன்று மேசையில் வைத்த தே அப்படியே ஆறிப்போனது. எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. கொஞ்சம் பொய் சொல்லிக்கொள்ளக்கூடாதா என்று இருந்தது.

மருத்துவமனையில் படுத்த பிறகும் போனில் ஆட்ட முடிவுகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தார். நோன்புக் கஞ்சி என்றால் விரும்பிச் சாப்பிடுவார். மாதம் அதுவல்ல என்றாலும் காய்ச்சி எடுத்துக்கொண்டு ஒருநாள் போனேன். அன்று குளுவாங் அணிக்குக் கிழக்குக்கரையில் ஆட்டம். தனபாலன் பேருந்து ஓட்டுநர். பந்து எந்தப் பக்கம் போகிறது என்றுகூடத் தெரியாத மனிதர். மனைவி முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் படுக்கை ஓரத்தில் நின்றுகொண்டு, "உன் டீம் ஜெயிச்சிருச்சு கோமதி. மூணு கோலு" என்றார்.

கோமதி கையிலிருந்த போனை அவர் பக்கம் திருப்பினார். பிறகு, "அங்க மழை. திடல் பூரா தண்ணி. ஆட்டத்தையே தள்ளிவெச்சிட்டாங்க" என்றார். "ஆடாத ஆட்டத்துல மூணு கோல் போட்டது யாருங்க?"

தனபாலன் தலையைக் குனிந்துகொண்டார். கோமதி அவர் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். "பரவால்ல. ஆனா எனக்குப் பொய் ஸ்கோர் சொல்லாதீங்க. கணக்கு கெட்டுப்போயிரும்" என்றார். பிடித்த கையை நான் கிளம்பும் வரை விடவில்லை. கஞ்சியைக் குடித்துவிட்டு உப்பு குறைவு என்று குறையும் சொன்னார்.

அதற்கடுத்த மாதம் அவர் போய்விட்டார். தள்ளிவைத்த அந்த ஆட்டத்தைச் சீசனின் கடைசி வாரத்தில்தான் ஆடினார்கள். குளுவாங் அணி அதிலும் தோற்றது.

சீசன் முடிந்த மறுநாள் நீங்கள் எல்லோரும் சொல்லிவைத்ததுபோல் கடைக்கு வந்திருந்தீர்கள். தனபாலன் கோமதியின் சிவப்புப் பேனாவைக் கொண்டுவந்திருந்தார். நான் தப்புகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். அவர் கோடு போட்டார். கைப்பழக்கம் இல்லாததால் கோடு எல்லாம் கோணலாக விழுந்தது. மேலிருந்து ஒவ்வொரு வரியாக இறங்கிக் கடைசி வரியில் இருந்த குளுவாங்குக்கு வந்தோம். அவர் பேனாவைத் தாளில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"இதுக்குக் கோடு வேணாம், தனபாலு" என்றேன். "இது சரியாத்தான் வந்திருக்கு."

"சரியா சொல்லிட்டாளா?"

"சரியா சொல்லிட்டாங்க."

அவர் பேனாவை எடுக்கவில்லை. அதை வைத்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி ஊறிப் பெரிதாகிக்கொண்டிருந்தது. "இது ஒண்ணாச்சும் தப்பாப் போயிருக்கலாம்ணே" என்றார். அவர் குளுவாங் அணியைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது அங்கிருந்த நம் எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பேனாவை அவர் என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். கல்லாப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அடுத்த சீசனுக்கு அந்தச் சுவரில் ஒட்டக் கணிப்பு எதுவும் இருக்காது. நம்மில் யாருக்கும் அந்த வித்தை தெரியாது. போன வாரம் தனபாலன் சாப்பிட வந்தார். வீட்டில் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "பரவால்லண்ணே" என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டு, சுவரைப் பார்த்தார். பிறகு, "நல்லா இல்லண்ணே" என்றார். அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கடை மூடும் வரை இரண்டு பேரும் கோமதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

அந்தப் பட்டியலை நான் இன்னும் எடுக்கவில்லை. சாயம் உரிந்துவிடும்.