போனில் தமிழ் பேசக்கூடாது

ஆடி மாதம் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்குக் கல்யாணமான மறுமாதமே வீட்டுக்காரர் ஜெர்மனிக்குத் திரும்பிப் போய்விட்டார். அங்கே ஒரு சின்ன ஊரில் மெஷின் ரிப்பேர் பார்க்கிற வேலை. "உனக்கென்ன, வருஷம் பூரா ஆடி மாசந்தான்" என்று பக்கத்து வீட்டு அக்கா கேலி பேசுவாள். சிரித்துவைப்பேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுத நாளும் உண்டு.

அவர் இருக்கிற இடத்துக்கு நான் போக வேண்டுமென்றால் விசா வேண்டும். விசா வேண்டுமென்றால் ஜெர்மன் மொழியில் முதல் நிலைப் பரீட்சை பாஸாக வேண்டும். பெண்டாட்டி புருஷனிடம் போவதற்குப் பரீட்சையா! எந்த மகராசன் போட்ட சட்டமோ என்று வாயாரத் திட்டிவிட்டுத்தான் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன்.

சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. சென்னையிலிருந்து பாடம் நடத்திய டீச்சர் முதல் நாளே, "பின்னால என்னம்மா, ரயில் ஓடிட்டே இருக்கு?" என்று கேட்டார். "தறி மேடம். கரண்டு போனாத்தான் நிக்கும்" என்றேன். அன்று முதல் என் மைக்கை அணைத்தே வைத்துவிட்டார். வாயைத் திறக்காமல் ஒரு மொழியை எப்படிப் படிப்பது? நானாக அடுப்படியில் நின்று பேசிப் பழகினேன். அந்த மொழியில் 'ர' தொண்டைக்குள்ளிருந்து வர வேண்டும், வாய் கொப்பளிக்கிற மாதிரி. அதைக் கேட்டுவிட்டு என் மாமியார், "என்னம்மா, மீன் முள்ளு குத்திட்டா? வெறுஞ்சோத்தை உருட்டி முழுங்கு" என்று சோற்றுச் சட்டியோடு ஓடிவந்தார்.

முதல் தடவை பரீட்சைக்குச் சென்னைக்கு ரயிலேறினேன். எழுத்து சுமாராகப் போயிற்று. பேச்சுத் தேர்வில், உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள் என்றார்கள். பெயர், வயது, ஊர், வேலை, பொழுதுபோக்கு என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். டீச்சர் படித்துப் படித்துச் சொன்னதுதான். ஆனால் எங்கள் ஊரில் ஒரு பெண்ணை "நீ யாரு?" என்று கேட்டால் அவள் தன் பெயரையா சொல்வாள்? இன்னார் மகள், இன்னார் வீட்டு மருமகள் என்றுதானே சொல்வாள். பதற்றத்தில் எனக்கும் அதுதான் வந்தது. அப்பா பனவடலிசத்திரத்தில் விவசாயி, அம்மாவுக்குப் பிறந்த ஊர் இன்னது, மாமனார் தறி வைத்திருக்கிறார், அவருக்கு இத்தனை பிள்ளைகள் என்று மூச்சுவிடாமல் அடுக்கினேன். தப்பில்லாமல்தான் சொன்னேன். எதிரே உட்கார்ந்து தேர்வு வைத்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, நீங்கள்?" என்றார். என்னைப் பற்றிச் சொல்ல ஒரு வார்த்தை வரவில்லை. அதற்கப்புறம் கேட்ட எதற்கும் வாய் திறக்கவில்லை. ஃபெயில்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் ஒரு சட்டம் போட்டார். "இனிமே போன்ல தமிழ் கிடையாது. ஜெர்மன்லதான் பேசணும். அப்பத்தான் உனக்கு வாய் வரும்."

நாளெல்லாம் நான் காத்துக்கிடப்பதே அந்தப் போனுக்குத்தான். அதிலும் மண் விழுந்தது. எனக்குத் தெரிந்த ஜெர்மனில் மணி கேட்கலாம், தக்காளி என்ன விலை என்று கேட்கலாம், ரயில் நிலையத்துக்கு வழி கேட்கலாம். வீடியோவில் அவர் கன்னம் ஒட்டிப்போயிருப்பது தெரியும். ஏன் இப்படி இளைத்துப்போனீர்கள் என்று கேட்க என்னிடம் வார்த்தை இல்லை. உங்கள் வீட்டில் எத்தனை ஜன்னல் என்று கேட்பேன். இரண்டு என்பார். கடல் தாண்டி இருக்கிற புருஷனிடம் ஜன்னல் கணக்கு! ஒருநாள் பொறுக்க மாட்டாமல் தமிழில் கத்திவிட்டேன். "எனக்கு வாத்தியார் வேண்டாம். அதுக்கு மெட்ராஸ்ல ஒரு மேடம் இருக்காவ. என் புருஷன் எங்க?" அவர் ஜெர்மனில், இன்று அங்கே வெயிலா மழையா என்று கேட்டார். போனைத் தூக்கி எறிந்தேன். மெத்தையில்தான் எறிந்தேன். உடைந்தால் அந்த ஜன்னல் கணக்கும் இல்லாமல் போய்விடுமே.

அந்த வருஷம் எங்கள் ஊர்க் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியதும் நானும் ஆடிச்சுற்று சுற்றப் போனேன். சுவாமியைக் காண வேண்டும் என்று அம்பாள் ஒற்றைக் காலில் தவம் நிற்கிறாள். நாம் கோயிலைச் சுற்றிச் சுற்றி வந்தால் அவள் கால்வலியில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறோம் என்பது நம்பிக்கை. அம்பாள் பட்ட பாடு எனக்கு அந்த வருஷந்தான் விளங்கிற்று. சுற்றும்போதும் வாயில் பாடம் ஓடிக்கொண்டே இருந்தது. கூடச் சுற்றிய ஒரு பெரியம்மா காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஏம்மா, இது எந்தச் சாமி மந்திரம்? எனக்கும் சொல்லிக் குடேன், நானும் சொல்லிக்கிட்டே சுத்துதேன்" என்றாள்.

"ரயில் எப்ப வரும்னு கேக்குற மந்திரம் பெரியம்மா" என்றேன்.

"வரும் தாயி, வரும். நீ நட" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

இரண்டாம் தடவை என் பெயரை முதலில் சொன்னேன். பொழுதுபோக்கு என்ன என்று கேட்டார்கள். நடப்பது என்றேன். பாஸ்.

ரிசல்ட் வந்தது ஒரு சாயங்காலம். அவருக்கு அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். போனை எடுத்ததும் எடுக்காததுமாக, "பாஸாயிட்டேங்க! இன்னையோட உங்க சட்டம் செல்லாது. தமிழ்ல பேசுங்க" என்றேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் ஜெர்மனில்தான், மிகவும் நல்லது என்றார். எனக்கு வந்ததே கோபம். "பாஸான பெறகும் என்ன பாடம்? எங்கிட்ட தமிழ் பேச உங்களுக்கு அப்படி என்ன கசக்குது?"

அவர் போனைத் தாழ்த்திக்கொண்டார். கழுத்தும் கம்பெனிச் சட்டையும் மட்டும் தெரிந்தன. பிறகு தமிழில் பேசினார்.

"நீ தமிழ்ல பேசிட்டுப் போனை வச்சிட்டா என்னால இங்கன இருக்க முடியல. வேலை ஓடல, சோறு இறங்கல. டிக்கெட்டைப் போட்டு வந்துருவோமான்னு இருக்கு. உனக்கு வாய் வரணும்னு சொன்னதெல்லாம் சும்மா. ஜெர்மன்ல பேசினா எப்படியோ தாங்கிக்கிடுதேன். விசா வாரவரைக்கும் அப்படியே பேசேன்."

இத்தனை மாதமாக அந்த மனிதரை நான் திட்டாத திட்டில்லை. வெளியே தறி ஓடிக்கொண்டிருந்தது.

"சரி, ஜெர்மன்லயே பேசுதேன்" என்றேன். "சாப்பிட்டீங்களான்னு மட்டும் தமிழ்ல கேட்டுக்கிடட்டா?"

போன் மெல்ல மேலே வந்தது. கண்ணைத் துடைத்திருந்தார்.

"இன்னும் சாப்பிடலட்டி" என்றார்.