கீற்று கொடுத்து வாங்கிய கம்பளி

நான் பத்தாவது வரை படித்தவள். நெடுங்காட்டில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. வாய்க்காலில் தண்ணீர் வந்தால் விளையும், வராவிட்டால் கடவுள் விட்ட வழி. வீடு, மாடு, பூஜை, சமையல் என்று இருந்த என்னை மகளிர் குழு மூலமாகத்தான் அந்த வேலைக்குக் கூப்பிட்டார்கள். கண்காணிப்பும் மதிப்பீடும் என்று அதற்குப் பெயர். மழையில் வீடு இழந்தவர்களுக்கு வெளியூர்த் தொண்டு நிறுவனம் ஒன்று பொருள் கொடுத்திருந்தது. அது போய்ச் சேர்ந்ததா, உபயோகப்படுகிறதா என்று வீடு வீடாகக் கேட்டு, அவர்கள் கொடுத்த டேப்லெட்டில் பதிய வேண்டும்.

"ஒருத்தர் வீட்ல என்ன கொழம்புன்னு சும்மாவே கேப்ப. ஒனக்குன்னே செஞ்ச வேலை" என்றார் என் வீட்டுக்காரர்.

அந்த ஐப்பசி மழையில் கரை உடைந்து, ஆற்றோரம் குடியிருந்த விவசாயக் கூலிக் குடும்பங்கள் எல்லாவற்றையும் இழந்திருந்தன. பூவம் போகிற வழியில் ஒரு மேட்டில் இரண்டு வரிசையாகத் தகரக் கொட்டகை போட்டு அவர்களைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். நான் போனது மார்கழியில். கடல் காற்றும் பனியும் சேர்ந்து, விடிந்து வெகுநேரம் வரைக்கும் தகரம் சொட்டிக்கொண்டிருக்கும்.

வீட்டுக்கு ஒரு பொட்டலம் என்று கம்பளி, எண்ணெய், வாணலி கொடுத்திருந்தார்கள். நான் கேட்க வேண்டியது மூன்றே கேள்வி. பொருள் கிடைத்ததா, பயன்படுத்துகிறீர்களா, திருப்தியா. எல்லாரும் எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" என்றார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் இரண்டு வரிசையும் ஏறக்குறைய முடிந்துவிட்டது. காரைக்கால் ஆபீசிலிருந்து மேடம் போன் பண்ணி, "அக்கா, சூப்பர். இவ்வளவு சீக்கிரம் யாரும் முடிச்சதில்ல" என்றார். அவர் சென்னையிலிருந்து வந்தவர், என்னைவிட வயதில் சின்னவர், ஆனால் எனக்கு மேலதிகாரி. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கடைசிக் கொட்டகை ஒன்றுதான் பாக்கி. அங்கே ஒரு பெண், பிள்ளை பெற்றுப் பதினாறு நாள்கூட ஆகவில்லை. குழந்தையை ஒரு நூல் சேலையில் சுற்றி, அதன்மேல் இன்னொரு சேலை, அதற்கும் மேல் கிழிந்த வேட்டி ஒன்றைச் சுற்றி நெஞ்சோடு வைத்திருந்தாள். அவளுடைய நாத்தனார் வாசலில் உட்கார்ந்து கீற்று முடைந்துகொண்டிருந்தாள். மழைக்கு விழுந்த தென்னைகளின் மட்டை அந்த மேட்டைச் சுற்றிக் குவிந்து கிடந்தது.

"கம்பளி உபயோகப்படுத்துறீங்களா?"

"ஆமாங்கக்கா." நாத்தனார்தான் சொன்னாள், முடைகிற கை நிற்கவில்லை.

"திருப்தியா?"

"ரொம்பத் திருப்திங்க."

அதையும் பதிந்துவிட்டு எழுந்தேன். தலையில் ஏதோ இடித்தது. நிமிர்ந்து பார்த்தால் கூரை முனைக் கம்பில் அந்தப் பொட்டலம் தொங்கிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவே இல்லை. வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு வாசலில் கவட்டைக் கம்பில், ஒரு வாசலில் செங்கல் மேல், ஒரு வாசலில் உடைந்த நாற்காலியில். காலையிலிருந்து டேப்பையே குனிந்து பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறேன். ஒரு பொட்டலம்கூட வாசற்படி தாண்டி உள்ளே போகவில்லை.

"ஏம்மா, இது ஏன் வெளில தொங்குது? உள்ள பச்சப்புள்ள குளிர்ல கெடக்கே."

நாத்தனார் கீற்றைக் கீழே வைத்தாள். "அக்கா எந்த ஊருங்க?"

"நெடுங்காடு."

"அப்ப திருநள்ளாறு பக்கந்தானே."

"சனிக்கிழமை தவறாம போவேன். எள்ளு வெளக்குப் போடுவேன்."

"சனி பிடிச்சவங்க என்னாங்க தானம் குடுப்பாங்க?"

"கறுப்புத் துணி, எள்ளு, இரும்பு..." சொல்லும்போதே தொங்குகிற பொட்டலத்தைப் பார்த்தேன். கறுப்புக் கம்பளி. நல்லெண்ணெய். இரும்பு வாணலி.

"லாரி வந்தது என்னா கெழமை? அதையும் உங்க கையில இருக்கற பொட்டில பாத்துச் சொல்லுங்க."

பார்க்காமலே தெரியும். சனிக்கிழமை.

"இவ்ளோ தெரிஞ்சவங்க, திருப்தியான்னு வேற கேக்குறீங்க" என்றாள்.

அந்தத் தானம் வாங்குகிறவர் தலையில் கொடுத்தவருடைய கஷ்டமும் சேர்ந்து இறங்கும் என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். நிறுவனத்துக்காரர்கள் நல்ல மனசோடுதான் அனுப்பியிருக்கிறார்கள். கறுப்பு அழுக்குக் காட்டாது. இரும்பு விறகடுப்புக்குத் தாங்கும். நல்லெண்ணெய் உடம்புக்கு நல்லது. சனிக்கிழமை லீவு நாள், எல்லாரும் இருப்பார்கள். ஒவ்வொன்றும் சரி. ஒன்றாகச் சேர்ந்தபோதுதான் அது வேறாகிவிட்டது.

"அப்ப ஏம்மா வாங்குனீங்க?"

"லாரி போட்டு வந்து குடுக்கறவங்க மூஞ்சில அடிச்ச மாதிரி வேணாம்னு சொல்ல முடியுமா? கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கிட்டோம். உள்ள ஏத்தல, அவ்ளோதான். ஏற்கெனவே வீடு போயி நிக்கிறோம். இதுக்கு மேலயும் ஒருத்தர் சனிய இந்தப் புள்ள தலைல எறக்கணுமா?"

"அவங்க தானமா குடுக்கலையே. சங்கல்பம் பண்ணல, தண்ணி விடல..."

"நீங்க பக்கத்துல நின்னு பாத்தீங்களா?"

டேப்பை மூடிப் பையில் வைத்தேன். கிளம்பும்போது, "எழுதிடாதீங்கக்கா. திமிரு புடிச்சவங்கன்னு நெனச்சு அடுத்த தடவ ஒதுக்கிடுவாங்க" என்றாள். நான் தலையாட்டினேன். தாய்க்காரி குழந்தையின் பாதத்தை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. திருநள்ளாற்றுக் கோயிலில் விளக்கு ஏற்றக் கை போகவில்லை. என் பதிவுப்படி எல்லாரும் கம்பளி போர்த்திக்கொண்டு தூங்குகிறார்கள். அது அப்படியே மேலே போனால் கணக்கு முடிந்தது, இனி யாரும் அந்தக் கொட்டகைப் பக்கம் கம்பளியோடு வரப்போவதில்லை. உள்ளதைச் சொன்னால், சொல்லாதே என்று கேட்டவளுக்குத் துரோகம். 'அப்பா, சனீஸ்வரா, உனக்குப் பயந்துதான் அந்தக் குழந்தை குளிரில் கிடக்கிறது. இதை நீயே பார்த்துக்கொள்' என்று சொல்லிவிட்டு வரிசையில் நகர்ந்தேன்.

அப்போதுதான் தோன்றியது. எங்கள் வீட்டில் யாராவது எள்ளோ இரும்போ கொடுத்தால் வெறுங்கையோடு வாங்குவதில்லை. ஒரு தேங்காயோ ஒரு படி நெல்லோ பதிலுக்குக் கொடுத்துவிடுவோம். கொடுத்துவிட்டால் அது தானம் இல்லை, மாற்று. கொடுத்தவர் கஷ்டம் கொடுத்தவரோடு நின்றுவிடும். என் மாமியார் காலத்திலிருந்து நடக்கிற வழக்கம், அதை நினைக்க எனக்கு ஒரு நாள் ஆகியிருக்கிறது! நான் யோசித்ததாகச் சொல்ல மாட்டேன். அந்தச் சாமிதான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. இருந்தும் பஸ் ஏறிக் கடைசிக் கொட்டகைக்குப் போனேன்.

"பதிலுக்கு ஏதாவது குடுத்துட்டு வாங்கிக்கிட்டா?"

நாத்தனார் சிரித்தாள். "எங்ககிட்ட என்னாங்க இருக்கு? இந்தக் கீத்துதான் இருக்கு."

"அதக் குடுங்க."

அவள் சிரிப்பு நின்றது. முடைந்த கீற்றைத் தூக்கி, திருப்பிப் பார்த்தாள். "கீத்து சும்மா இல்லைங்க. முடைய முதுகு ஒடியும். கம்பளிக்குக் கீத்து தாங்கும்" என்று தனக்குத்தானே சொன்னாள். உடனே, "ஆனா அவங்க கை நீட்டி வாங்கணும். ஓரமா போட்டுட்டுப் போன்னா அது மாத்து ஆவாது" என்றாள்.

"அப்ப நான் உள்ளதச் சொல்லணும். சொல்லட்டுமா?"

உள்ளேயிருந்து தாய்க்காரி முதல் தடவையாகப் பேசினாள். "சொல்லுங்கக்கா."

திங்கட்கிழமை காலையில் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "அப்ப நீங்க பதிஞ்ச ஆமாம் எல்லாம்?" என்றார்.

"தப்புங்க மேடம். அவங்க மரியாதைக்குச் சொன்னாங்க, நான் உண்மைன்னு பதிஞ்சிட்டேன். எல்லாத்தையும் அழிச்சிட்டுத் திரும்பப் போடறேன். வேலைய விட்டு நிறுத்தறதுன்னா நிறுத்துங்க, ஆனா அதப் போட்டுட்டுப் போறேன்."

"உக்காருங்கக்கா" என்றார். "இங்க ஒரு விதி இருக்கு. மக்கள்கிட்ட ஒரு டீ கூட வாங்கக் கூடாது. கீத்த நான் எப்படிக் கை நீட்டி வாங்க?"

"நமக்கா வாங்குறோம்? அங்க பொதுச் சமையல் கூடத்துக்குக் கூரை இல்ல, தார்ப்பாய் கிழிஞ்சு தொங்குது. கையில வாங்கி அதுல போட்ருவோம்."

மேடம் தலைமை ஆபீசுக்குப் போன் போட்டார். பாதி இங்கிலீஷில் சனீஸ்வரனை விளக்க வேண்டியிருந்தது அவருக்கு. நடுவில் போனைப் பொத்திக்கொண்டு, "எள்ளுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறாங்கக்கா" என்றார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வெகுநேரம் பேசினார். வைத்ததும் மேஜையைத் தட்டினார்.

"நம்ம படிவத்துலயே 'சமூகப் பங்களிப்பு'ன்னு ஒரு கட்டம் இருக்காம். இது வரைக்கும் யாரும் நிரப்பினதே இல்லையாம்!"

வியாழக்கிழமை நல்ல நேரம் பார்த்துப் போனோம். சமையல் கூடத்துக்கு முன்னால் ஒரு மேஜை போட்டோம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தொங்கவிட்ட பொட்டலத்தை எடுத்துவந்து மேஜையில் வைத்தார்கள். அதன் பிறகு கீற்றோடு வந்து நின்றார்கள். அந்த வரிசையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். லாரி வந்த அன்றைக்கு எடுத்த போட்டோவை ஆபீசில் பார்த்திருக்கிறேன். அதில் எல்லாரும் தலையைக் குனிந்திருப்பார்கள். இன்றைக்கு ஆளுயரக் கீற்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு, யாருடையது நெருக்கமாக முடைந்தது என்று சண்டை போட்டுக்கொண்டு நின்றார்கள்.

"உன்னுது கீத்தா, சல்லடையா? வானம் தெரியுது."

"உன்னுதுல ஓலையே காணுமே, மட்டையத்தான் கொண்டாந்திருக்க."

முதலில் நாத்தனார் வந்தாள். மேடம் இரண்டு கையும் நீட்டினார். ஓலை முனை முழங்கையில் கீறியது.

"அப்படிப் பிடிக்காதீங்க. புள்ளையத் தூக்குற மாதிரி அடில குடுங்க கைய." வாங்கியதும் மேஜையிலிருந்து தன் பொட்டலத்தை எடுத்தாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "கீத்து குடுத்தேன், கம்பளி வாங்கினேன்" என்றாள். அதுவே மந்திரம் மாதிரி ஆகிவிட்டது. பின்னால் வந்த ஒவ்வொருவரும் அதையே சொன்னார்கள். ஒரு ஆள், "என் கீத்துக்கு ரெண்டு கம்பளி தகும்" என்றார். "ஒன் மூஞ்சிக்கு ஒண்ணே அதிகம்" என்று அவர் பெண்டாட்டி பின்னாலிருந்து சொன்னாள்.

ஆண்கள் அன்றைக்கே ஏறிக் கூரையை வேய்ந்துவிட்டார்கள். நான் 'இதர குறிப்புகள்' என்ற கட்டத்தில் நடந்ததை என் தமிழில் எழுதினேன். மேடம் அதில் ஒரு எழுத்துகூட மாற்றாமல் மேலே அனுப்பினார். அடுத்து வந்த லாரியில் சிவப்பும் பச்சையுமாகப் போர்வை வந்தது, அதுவும் ஒரு புதன்கிழமை. படிவத்திலும் ஒரு வரி புதிதாகச் சேர்த்தார்கள்: பொருள் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்காமல், கண்ணால் பார்த்து எழுதவும். இன்றைக்கு எத்தனையோ ஊரில் எத்தனையோ பேர் அந்த வரியை நிரப்புகிறார்கள் என்று மேடம் சொல்கிறார். பத்தாவது படித்தவளுக்கு இது சாமி கொடுத்தது. வேறென்ன சொல்ல.

கீற்று மாற்றிய மறுநாள் வெள்ளிக்கிழமை திரும்பக் கணக்கெடுக்கப் போனேன். வரிசையில் ஒரு வாசலிலும் பொட்டலம் இல்லை. கடைசிக் கொட்டகையில் குனிந்து உள்ளே பார்த்தேன். கம்பளியை நாலாக மடித்துப் பாய்மேல் விரித்திருந்தார்கள், நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. ஓரத்தை இழுத்துக் குழந்தையைக் கழுத்துவரை மூடியிருந்தார்கள். தாய்க்காரி பக்கத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை பெற்றவள் நன்றாகத் தூங்குவதைப் பார்க்கிறதே ஒரு புண்ணியம்.

நான் டேப்பைத் திறந்து, "கம்பளி..." என்று ஆரம்பித்தேன்.

"உஸ்ஸ்" என்றாள் நாத்தனார். "எழுப்பி விட்ராதீங்க. இப்பதான் ரெண்டும் கண்ணசந்துது."

வாயை மூடிக்கொண்டு, பார்த்ததைப் பதிந்தேன்.