பக்கத்தில் உட்காருகிறவர்

“எதிர்ல உக்காராத. எழுந்திரி. நாற்காலிய எடுத்துக்கிட்டு இந்தப் பக்கம் வா.”

மூன்றாவது முறையாக அந்த மாணவி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வருகிறாள். மேடம் முக்காடு போட்டுக்கொண்டு, வழக்கில் தோற்றுப்போன கட்சிக்காரராக நடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மாணவி தொண்டையைச் செருமிக்கொண்டு, “மனு தள்ளுபடி ஆயிடுச்சுங்க” என்று சொல்லி முடிப்பதற்குள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுகிறார். அழுகை அத்தனை அசல். புதிதாகச் சேர்ந்தவர்கள் தண்ணீர் எடுக்க ஓடுவார்கள்.

மேடம் சட்டக் கல்லூரியில் மனித உரிமைச் சட்டம் நடத்துகிறவர். பாடப் புத்தகத்தைத் தொடுவது தேர்வு நெருங்கும்போது மட்டும்தான். மற்ற நாளெல்லாம், விளையாட்டுச் சாமான்கள் போட்டுவைத்திருந்த ஓர் அறையில் நடக்கும் இலவச சட்ட உதவி மையம்தான் வகுப்பு. வருகிறவர்கள் நிஜ மனிதர்கள், வழக்குகள் நிஜ வழக்குகள். இறுதியாண்டு மாணவர்கள் அவர்களிடம் கேட்டு, எழுதி, மனு தயாரிக்க வேண்டும். மேடம் அதை வரிக்கு வரி கிழித்து, திருத்தி, நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவார். காவலில் அடிபட்டவர்கள், விசாரணையில்லாமல் அடைபட்டவர்கள் என்று பெரும்பாலும் தோற்கிற வழக்குகள். அதனால் தோல்வியைச் சொல்வதற்கும் ஒத்திகை உண்டு. மாணவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கைவிரி மேடம்’. அது அவருக்கும் தெரியும். “பொருத்தமாத்தானே வச்சிருக்குதுங்க” என்பார்.

ஏன் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று கேட்டால் சுள்ளென்று பதில் வரும். “எதிர்ல உக்காந்து சொல்றதுக்குத்தான் நீதிபதி இருக்காரே. நீ எதுக்கு?”

கரும்பலகையின் மேல் மூலையில் மூன்று வார்த்தைகள் எழுதியிருக்கும். யாரும் அழிக்கக் கூடாது. ‘கவலைப்படாதீங்க.’ ‘ஜெயிச்சிடலாம்.’ ‘பாத்துக்கலாம்.’ மூன்றும் இந்த அறையில் தடை. மூன்றாவதன் மேல்தான் அவருக்குத் தீராத ஆத்திரம். “நீ வாய்க்கு வந்ததச் சொல்லிட்டுப் பரீட்சை எழுதப் போயிடுவ. அந்த மனுஷி அந்த ஒரு வார்த்தைய வச்சுக்கிட்டு வருஷக்கணக்கா வாசலப் பாத்துக்கிட்டு இருப்பா.”

வீட்டிலும் இந்தப் பழக்கம் விட்டபாடில்லை. பால் தீர்ந்துபோனதைச் சொல்லக்கூட கணவரின் பக்கத்தில் போய் உட்காருகிறார். “இவ பக்கத்துல வந்து உக்காந்தாலே எனக்கு நெஞ்சு பதறுது. யாரு போயிட்டாங்கன்னுதான் கேக்கத் தோணுது” என்பார் அந்த மனிதர்.

இன்றைய ஒத்திகை வெறும் ஒத்திகையல்ல. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை செய்யும் ஓர் அம்மாவின் மகனை விசாரணையில்லாமல் அடைத்து இரண்டு வருஷமாகிறது. கடைசி மனுவும் காலையில் தள்ளுபடி. அதற்கு மேல் போக நீதிமன்றம் இல்லை. அவன் எப்போது வெளியே வருவான் என்று யாராலும் சொல்ல முடியாது. வேறு ஊரில் இருக்கும் மகள், தன்னோடு வந்து இருக்கச் சொல்லி நச்சரிக்கிறாள். ஒரு வேலையும் சொல்லி வைத்திருக்கிறாள். இன்றைக்குள் பதில் தெரிய வேண்டுமாம். “அவன் வந்து பூட்டுன கதவப் பாக்கக் கூடாதுல்ல” என்று இந்த அம்மாதான் இழுத்தடித்துக்கொண்டிருந்தார்.

சொன்ன நேரத்துக்கு முன்பே அவர் வந்துவிட்டார். வந்ததும் துணிப்பையிலிருந்து, தேய்த்து மடித்த சட்டை ஒன்றை எடுத்தார்.

“புதுசா எடுத்தேன் டீச்சரம்மா. உள்ள இளைச்சிருப்பான்னு ஒரு அளவு கம்மியாத்தான் எடுத்தேன். வெளிய வர்றப்ப போட்டுக்கட்டும்.”

மாணவி நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். சொல்லிக்கொடுத்த எதையும் விடவில்லை. தோற்றதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. அந்த அம்மா சட்டையைத் தடவியபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில், மேசைக்கு எதிர்ப்புறம் நின்றுகொண்டிருந்த மேடத்தைப் பார்த்தார்.

“பாத்துக்கலாம்மா” என்றார் மேடம்.

அந்த அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டையைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டு, வேறு எதையும் கேட்காமல் கிளம்பிவிட்டார். கேட்டால் கெட்டுவிடும் என்று பயந்தாரோ என்னவோ. மாணவி கரும்பலகையைப் பார்த்தாள். மேடம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. எத்தனையோ பேரை மிரட்டி மிரட்டிப் பழக்கிய மனுஷி, திருடிப் பிடிபட்டவர் போல நின்றதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே, கல்லூரி வாசல் குட்டைச்சுவரில் உட்கார்ந்து அந்த அம்மா மகளிடம் போனில் பேசுவது கேட்டது. “நான் வரலடி. அந்த வேலை வேணாம்னு சொல்லிடு. டீச்சரம்மாவே பாத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க, அப்புறம் என்ன?”

மேடம் கதவை நோக்கி நடந்தார். மாணவி எழுந்தாள். “நான் போய்ச் சொல்றேன் மேடம்.”

“நீ இரு. சொன்னது நான்.”

அவர் வருவதைப் பார்த்து அந்த அம்மா, போனைக் காதிலிருந்து எடுக்காமலே சிரித்தார். “என்ன டீச்சரம்மா, எதையாவது விட்டுட்டு வந்துட்டேனா?”

மேடம் சுவரின் மேல் இருந்த துணிப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.